பெயர் போட்டுச் சாட்சி சொன்னவர்: மலாக்காவின் முன்ஷி அப்துல்லாஹ்

மலாக்கா நகரத்துக்குள் வரும் எவரும் ஜாலான் முன்ஷி அப்துல்லாஹ்வைத் தொடாமல் போவது அரிது. அலோர் காஜாவிலிருந்தும் ஜாசினிலிருந்தும் மெர்லிமாவிலிருந்தும் சாமான் வாங்கவும் வைத்தியம் பார்க்கவும் வந்த நம் பெரியவர்கள் அந்தச் சாலையை நன்கறிவார்கள். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவரை நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று படித்துத் தேர்வு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர் நம்மவர் என்பதும், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதும், அடிபட்டவர்களுக்காகத் துணிந்து பேசியவர் என்பதும் நம் வீடுகளில் போதுமான அளவு பேசப்படவில்லை. பொன்விழாக் காணும் இவ்வேளையில் அந்த வாழ்க்கையை நம் குடும்பங்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

நாகூரிலிருந்து கம்போங் பாலிக்கு

முன்ஷி அப்துல்லாஹ்வின் பூட்டனார் ஷேக் அப்துல் காதிர், எமன் நாட்டு அரபியர். அவர் நாகூருக்கு வந்து அங்கேயே ஒரு தமிழ்ப் பெண்மணியை நிக்காஹ் செய்துகொண்டார். அவருடைய மக்களில் ஒருவரான முஹம்மது இப்ராஹீம் மலாக்காவுக்கு வந்து, ஷேக் மீரா லெப்பை என்பவரின் மகள் பெரியாச்சியை மணந்தார். பெயர்களைப் படிக்கும்போதே அந்தக் குடும்பம் நமக்கு எவ்வளவு நெருக்கம் என்பது விளங்கும். அந்தத் தம்பதியின் மகன் அப்துல் காதிர். அப்துல் காதிருக்கும் கெடாவில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண்மணி சலாமாவுக்கும் 1796ஆம் ஆண்டில் கம்போங் பாலியில் பிறந்தவர்தான் அப்துல்லாஹ். அவருக்கு முன் பிறந்த அண்ணன்மார் சிறு பிள்ளைகளாகவே மௌத்தாகிவிட்டனர். தாய்ப்பால் போதாமல், அக்கம்பக்கத்துத் தாய்மார் பலரின் பாலைக் குடித்து வளர்ந்த நோஞ்சான் பிள்ளை அவர்.

பாட்டியார் பெரியாச்சி சாதாரணப் பெண்மணி அல்லர். கம்போங் பாலியில் ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய 200 பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த ஆசிரியை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மலாக்காவில் நம் சமுதாயத்துப் பெண் ஒருவர் இத்தனை பெரிய ஓதற்பள்ளியை நடத்தினார் என்பதை நம் பெண்மக்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வாப்பா அப்துல் காதிர் வணிகரும் மொழி அறிந்தவருமாக இருந்தார். மலாய் மொழி ஆராய்ச்சியில் பெயர் பெற்ற வில்லியம் மார்ஸ்டன் என்ற ஆங்கிலேயருக்கு மலாய் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மகனின் கல்வியில் மிகக் கண்டிப்பு. குர்ஆனை ஓதி முடித்த பிறகு மகனைத் தமிழ் படிக்க அனுப்பினார். அந்தக் காலத்து மலாக்காவில் வணிகக் கணக்கு தமிழில் எழுதப்பட்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்குப் பழகுவதற்காகவே தமிழ் கற்றார்கள். அப்துல்லாஹ் இரண்டரை ஆண்டுகள் தமிழ் படித்தார். பின்னாளில், 1835இல், பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவர அந்தக் கல்வி அவருக்குக் கைகொடுத்தது. ஓர் இந்துத் தமிழ் நண்பர் அந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்தார்.

மலாக்காக் கோட்டையில் கும்பினிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்தனர். அவர்களில் முஸ்லிம்கள் பலர். இளவயது அப்துல்லாஹ் அவர்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்து, அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். அவரை முதலில் முன்ஷி என்று அழைத்தவர்கள் அந்தச் சிப்பாய்கள்தாம். மொழி கற்பிக்கும் ஆசிரியர் என்று பொருள்படும் அந்த மரியாதைப் பெயர், இயற்பெயரோடு கடைசிவரை நிலைத்துவிட்டது.

பிள்ளைப் பருவத்தில் கண்ட தண்டனைகள்

அப்துல்லாஹ் தம் வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது, அன்றைய ஓதற்பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட தண்டனைகளை ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். விரல்களை நெரிக்கும் இடுக்கி, காலில் சங்கிலியோடு பிணைக்கும் கட்டை, கீழே புகைமூட்டித் துன்புறுத்துவது என்று அவர் தரும் விவரங்களைப் படிக்கும் இன்றைய பெற்றோருக்கு நெஞ்சு பதறும். ரோத்தான் அடிதான் அவற்றுள் இலேசானது. கல்வியின் அருமையை அவரைப்போல் வலியுறுத்தியவர் அந்தக் காலத்தில் அதிகமில்லை. ஆசிரியர்களை மதித்தவரும்கூட. அப்படியிருந்தும் பிள்ளைகள் பட்ட பாட்டை அவர் மறைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் வேதனையும் எழுதத் தகுந்த செய்திதான் என்று அவருக்குத் தோன்றியது.

அக்காலத்து மலாய் ஏடுகள் பெரும்பாலும் அரசர்களின் கதைகள். எழுதியவர் பெயரும் பல ஏடுகளில் இருக்காது. அப்துல்லாஹ் தம் கதையைத் தாமே, தம் பெயரோடு, நான் கண்டேன், நான் கேட்டேன் என்ற முறையில் எழுதினார். பெயர் போட்டு எழுதியவரிடம் ஆட்சேபிக்கலாம், விளக்கம் கேட்கலாம், சண்டைக்கும் போகலாம். அந்தப் பொறுப்பை அவர் தெரிந்தே தலையில் ஏற்றுக்கொண்டார்.

1811: எரிக்கப்பட்ட சித்திரவதைக் கருவிகள்

அப்துல்லாஹ் பிறப்பதற்கு முந்தின ஆண்டுதான், 1795இல், மலாக்கா டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியிருந்தது. 1818இல் மறுபடியும் டச்சுக்காரர்களிடம் போய், 1825இல் திரும்பவும் ஆங்கிலேயரிடம் வந்தது. கொடி மாறியதே தவிர சிறைக்கூடம் நெடுநாள் அப்படியே இருந்தது.

1810ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் மலாக்காவுக்கு வந்து, ஜாவாமீது படையெடுக்க ஏற்பாடுகள் செய்தார். மலாய் அரசர்களுக்குக் கடிதம் எழுதவும் ஏடுகளைப் படியெடுக்கவும் எழுத்தர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களில் வயதில் மிகவும் இளையவராக அப்துல்லாஹ் வேலைக்குச் சேர்ந்தார். 1811இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபு படையெடுப்புக்காக மலாக்கா வந்திறங்கினார். ஆடம்பரமாக ஒருவரை எதிர்பார்த்துக் கூடியிருந்த மக்கள், எளிய உடையில் தலை தாழ்த்தி மரியாதை செய்த முதியவர் ஒருவரைப் பார்த்து வியந்தார்கள். அவர் சிறையைப் பார்வையிட்டுக் கைதிகளை விடுவித்தார். கும்பினியின் அடிமைகளாக இருந்தவர்களுக்கு விடுதலை கொடுத்தார். டச்சுக்காரர் காலத்திலிருந்து வைத்திருந்த சித்திரவதைக் கருவிகளை அழிக்க உத்தரவிட்டார்.

பதினைந்து வயதுப் பையனின் மனத்தில் அந்தச் செயல் ஆழமாகப் பதிந்தது. அதிகாரத்தில் இருப்பவர் ஒருவர் மனம் வைத்தால், பல தலைமுறைகளாக நடந்துவந்த ஒரு கொடுமையை ஒரே நாளில் நிறுத்தலாம். அப்படியானால் அதுவரை அது நிற்காமல் போனது அதற்கு முன் அதிகாரத்தில் இருந்தவர்களின் பொறுப்பு. வாழ்நாள் முழுவதும் அப்துல்லாஹ் இந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

சிங்கப்பூர்த் துறையில் நின்ற அடிமைக் கப்பல்

1819இல் சிங்கப்பூர் குடியேற்றம் தொடங்கியபின் அப்துல்லாஹ்வின் பிழைப்பு மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நடந்தது. குடும்பம் மலாக்காவில், வேலை சிங்கப்பூரில். நம்மில் எத்தனையோ குடும்பத் தலைவர்கள் அறிந்த வாழ்க்கைதான் அது.

அங்கே ஒருநாள் அடிமைகளை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பூகிஸ் கப்பலை அவர் பார்க்கப் போனார். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தையோடு தாய்மார், கர்ப்பிணிகள் என்று பலர் அதில் இருந்தார்கள். நாய்க்கு வைப்பதுபோல் தேங்காய்ச் சிரட்டையில் சோறும் மூங்கிலில் தண்ணீரும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. வாங்க வந்தவர்கள் வெட்கமில்லாமல் பெண்களின் உடலைத் தொட்டுப் பார்த்தார்கள். அழுதவர்களுக்கு ரோத்தான் அடி விழுந்தது.

கப்பல்காரன் முஸ்லிம். வாங்க வந்தவர்கள் பல இனத்தவர். துறைமுகத்தில் அந்நாளில் இதைப் பார்த்தவர்கள் ஏராளம். பார்த்துவிட்டுத் தம் வேலையைக் கவனிக்கப் போனார்கள். அப்துல்லாஹ் ராஃபிள்ஸிடம் போய், தாம் கண்டதை முழுவதும் சொன்னார். இந்தக் கொடுமை நெடுநாள் நீடிக்காது என்றும், அடிமைகள் எல்லோரும் நம்மைப்போல் சுதந்திர மனிதர்களாகும் காலம் வரும் என்றும் ராஃபிள்ஸ் அவருக்கு ஆறுதல் கூறினார். 1823இல் சிங்கப்பூரில் அடிமை வணிகத்தைத் தடுக்கும் ஒழுங்குவிதியையும் ராஃபிள்ஸ் வெளியிட்டார். அந்த விதி அப்துல்லாஹ் ஒருவரால் வந்தது என்று நாம் பெருமை பேசத் தேவையில்லை. 1807இலேயே பிரிட்டன் அடிமை வணிகத்தைச் சட்டத்தால் தடுத்திருந்தது. ஆனால் லண்டனில் போட்ட சட்டம் சிங்கப்பூர்த் துறையில் தானாக நடந்துவிடாது. கண்ணால் கண்ட ஒருவர் வந்து சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிப் பகுதிகளில் அடிமைத்தனத்துக்குச் சட்ட ஆதரவை நீக்கும் சட்டம் 1843இல்தான் வந்தது. அப்துல்லாஹ் தம் வரலாற்றை எழுதி முடித்ததும் அதே ஆண்டில்தான்.

ராஃபிள்ஸுக்குப் பிறகு ஜான் கிராஃபர்ட் ரெசிடெண்டாக இருந்த நாளில் இன்னொரு சம்பவம். சுல்தான் ஹுசைனின் வளாகத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் தப்பியோடி அதிகாரிகளிடம் அடைக்கலம் கேட்டார்கள். அவர்கள் உடம்பில் அடித்த தழும்புகளும் சுட்ட காயங்களும் இருந்தன. அவர்கள் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்று கிராஃபர்ட் விட்டுவிட்டார். சுல்தானுக்குக் கோபம் வந்தது. அப்துல்லாஹ் இந்தச் செய்தியை எழுதும்போது சுல்தானின் மானத்தைவிட அந்தப் பெண்களின் தழும்புகளுக்கே இடம் கொடுத்தார். வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்று அரண்மனையிலும் சொல்லியிருப்பார்கள். குடிசையிலும் இன்றுவரை அதையேதான் சொல்கிறோம்.

ஒருவன் குற்றத்துக்கு ஓர் ஊரே பலியா?

1823 மார்ச் மாதத்தில் சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்ட் வில்லியம் ஃபர்குஹரைச் சையித் யாசின் என்பவர் கத்தியால் குத்தினார். ஃபர்குஹர் உயிர் பிழைத்தார். குத்தியவர் அங்கேயே கொல்லப்பட்டார். முகம் சிதைந்துபோனதால் ஆள் யாரென்று உடனே தெரியவில்லை. தெமங்கோங்கின் ஆட்கள்தான் செய்திருப்பார்கள் என்று வதந்தி பரவியது. தெமங்கோங்கின் குடியிருப்பைச் சுட்டுத் தரைமட்டமாக்க அனுமதி கேட்டுப் படை அதிகாரி ராஃபிள்ஸிடம் திரும்பத் திரும்ப வந்தார். ராஃபிள்ஸ் பொறுங்கள் என்றார். விசாரித்தபோது, கடன் வழக்கில் சிறைப்பட்டிருந்த ஒருவரின் தனிப்பட்ட ஆத்திரம் என்பது தெரியவந்தது. அந்தச் சில மணி நேரம் பொறுத்திருக்காவிட்டால் எத்தனையோ குடும்பங்கள் அன்றிரவே அழிந்திருக்கும்.

அந்நேரம் அங்கிருந்த அப்துல்லாஹ் இதை விரிவாக எழுதினார். பிறகு அந்தப் பிணத்தை இரும்புக் கூண்டில் வைத்து மக்கள் பார்க்கத் தொங்கவிட்டதையும் மறைக்காமல் எழுதினார். குற்றம் செய்தவனே குற்றத்துக்குப் பொறுப்பு. அவன் இனமோ ஊரோ உறவோ அல்ல என்ற நியாயம் அந்தப் பக்கங்களில் தெளிவாகத் தெரிகிறது. இது நம் மார்க்கமும் சொல்கிற நியாயம்தான். ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பதைச் சிறு வயதிலேயே ஓதியவர் அவர்.

சிங்கப்பூரில் இரகசியக் கும்பல் ஒன்று மக்களை அச்சுறுத்திக் கொண்டிருந்த காலத்தில், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே காட்டுக்குள் போய் அவர்களின் கூட்டத்தை மறைந்திருந்து பார்த்தார் அப்துல்லாஹ். சேர மறுத்தவர்கள் படுத்தப்பட்ட பாட்டை நேரில் கண்டு வந்து எழுதினார்.

கிளந்தான் பயணமும் அரசர்களுக்குச் சொன்ன கணக்கும்

அப்துல்லாஹ்வின் துணிவுக்குப் பெரிய சான்று 1838ஆம் ஆண்டுக் கிளந்தான் பயண நூல். கிளந்தானில் அரச குடும்பத்துக்குள் சண்டை மூண்டு சிங்கப்பூர் வணிகர்களின் சரக்கு சிக்கிக்கொண்டதால், கடிதங்களோடு போன குழுவில் மொழிபெயர்ப்பாளராக அவர் சென்றார். வழியில் பகாங்கையும் திரெங்கானுவையும் பார்த்தார். நல்ல மண், நல்ல ஆறு, ஆனால் மக்கள் உழைக்க மனமில்லாமல் இருந்தார்கள். ஏன் என்று விசாரித்தார். வீட்டைச் சீர்செய்தாலும் தோட்டம் போட்டாலும் நாலு காசு சேர்த்தாலும் அரசரின் ஆட்கள் வந்து பறித்துக்கொள்வார்கள். மறுத்தால் அடி, உதை, சிலசமயம் கத்திக்குத்து. பிறகு யாருக்காக உழைப்பது?

கிளந்தானில் சண்டைக்குப் பிடித்துவந்த ஏழைகளிடம் பேசினார். கூலி இல்லை. சோற்றுக்கு அரிசியையும் தாங்களே கொண்டுவர வேண்டும். பெண்டாட்டி பிள்ளைகள் வீட்டில் என்ன ஆனார்கள் என்பதும் தெரியாது. வரமாட்டேன் என்றால் இருக்கிற வீடும் போய்விடும். இந்த ஏழைகளின் பேச்சை அச்சில் ஏற்றியதுதான் அப்துல்லாஹ் செய்த காரியம். மலாய் நூல்களில் குடிமக்களின் முறையீடு இவ்வளவு பச்சையாக அதற்கு முன் வந்ததில்லை.

குடிமக்கள் அல்லாஹ்வின் அடியார்கள். அரசரிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டவர்கள். அந்த அமானிதத்தைப் பற்றி மறுமையில் ஒவ்வோர் அரசரும் தனித்தனியாகக் கேட்கப்படுவார் என்பது அவர் வாதம். ஒவ்வொருவரும் மேய்ப்பர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழியைப் பள்ளிவாசலில் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அப்துல்லாஹ் அதை அரசர்களிடமே கொண்டுபோய் வைத்தார். மந்திரி செய்தார், ஆட்கள் செய்தார்கள், எனக்குத் தெரியாது என்று அவர்கள் தப்பித்துக்கொள்ள அவர் இடம் கொடுக்கவில்லை.

அவர்மீது சொல்லப்படும் குறைகள்

எந்த மனிதரையும் குறையே இல்லாதவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. அப்துல்லாஹ் ஆங்கிலேயரை அளவுக்கு மேல் புகழ்ந்தார் என்ற குற்றச்சாட்டு உண்டு. அது வெறும் பொறாமைப் பேச்சு அல்ல. அரசர்களைச் சாடிய குரல், தமக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் விஷயத்தில் பல இடங்களில் தணிந்துதான் ஒலிக்கிறது. ஆனாலும் கண்ணை முழுக்க மூடிக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. குடித்துவிட்டு மலாக்காத் தெருக்களில் அட்டகாசம் செய்த ஆங்கிலேய மாலுமிகளையும், அவர்களைக் கண்டு மக்கள் கதவடைத்து நடுங்கியதையும் எழுதியவர் அவரேதான். மலாய்க்காரர்களைப் பற்றி அவர் மொத்தமாகச் சொன்ன சில சொற்கள் கடுமையானவை. இன்று நாம் அப்படிப் பேசமாட்டோம், பேசவும் கூடாது.

இன்னொன்று, கிறிஸ்தவப் பாதிரிமார்களோடு அவருக்கிருந்த தொடர்பு. 1815இல் மலாக்கா வந்த வில்லியம் மில்ன் பாதிரியாரிடம் அவர் ஆங்கிலம் கற்றார். 1818இல் அங்கே தொடங்கப்பட்ட ஆங்கிலோ சீனக் கல்லூரிக்காரர்களோடு பழகினார். அச்சுக் கோக்கும் தொழிலைக் கற்றார். விவிலியப் பகுதிகளை மலாய்க்கு மொழிபெயர்ப்பதிலும் உதவினார். அதனால் அப்துல்லாஹ் பாதிரி என்று சிலர் கேலி செய்தார்கள். அவர் அதைச் சகித்துக்கொண்டு, கற்ற அச்சுத் தொழிலைக் கொண்டு மலாய் நூல்களை அச்சேற்றினார். மலாய் அரச வரலாறான செஜாரா மெலாயுவும் அவர் கைப்பட அச்சேறியது. இறுதிவரை முஸ்லிமாகவே வாழ்ந்தார்.

சோதனைகளும் குறைவில்லை. 1830ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தீயில் அவருடைய உடைமைகள் எரிந்து போயின. அந்தத் தீயைப் பற்றி ஒரு நெடும்பாடல் எழுதினார். மகள் சித்தி லேலா இறந்தபோது துயரத்திலேயே ஓர் ஆறுதல் நூலை எழுதினார். பிறகு பிரசவத்தை ஒட்டி மனைவியும் போய்ச் சேர்ந்தார். அந்தத் துக்கங்களுக்கு நடுவில்தான், 1840இல், ஆல்ஃபிரட் நார்த் என்ற அமெரிக்கர் தூண்டியதால் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1849இல் அது கல்லச்சில் வெளிவந்தது. 1854இல் ஹஜ் பயணம் புறப்பட்டார். வழியெல்லாம் பயணக்குறிப்பு எழுதிக்கொண்டே போனவர், அந்தப் பயணத்திலேயே மக்கா மண்ணில் மௌத்தானார். அவர் மகன் முஹம்மது இப்ராஹீம் ஜோகூர் அரசில் பணியாற்றி, வாப்பாவைப் போலவே முன்ஷி என்று பெயர் பெற்று, தாமும் பயண நூல் எழுதினார்.

தோட்டங்களும் கடைத்தெருவும்

அப்துல்லாஹ் மறைந்து 42 ஆண்டுகளுக்குப் பிறகு, 1896இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானிலும் பிற இடங்களிலும் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். சஞ்சிக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டாலும் தோட்டத்தில் அதட்டலும் அடியும் அத்தோடு போய்விடவில்லை. லயத்து வீடுகளில் கள்ளுக்கடையிலிருந்து திரும்பிய கை, பெண்கள்மீதும் பிள்ளைகள்மீதும் விழுந்தது.

நம் பெரியவர்கள் பலர் அந்தத் தோட்டங்களை ஒட்டிய கடைத்தெருக்களில் மளிகைக்கடையும் சாப்பாட்டுக்கடையும் வைத்திருந்தவர்கள். 555 புத்தகத்தில் பற்று எழுதிய கைகள் அவை. எந்த வீட்டில் அரிசி இல்லை, எந்தப் பெண் முக்காட்டால் கன்னத்தை மறைத்துக்கொண்டு வருகிறாள், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்பது கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. சிலர் அந்தப் பெண்ணை உள்ளே உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, அண்ணன் வீட்டுக்குச் செய்தி சொல்லி அனுப்பினார்கள். சிலர் நமக்கேன் வம்பு என்று கணக்கைக் கூட்டிக்கொண்டு இருந்துவிட்டார்கள். இரண்டு வகையினரும் நம்மவர்தாம். முதல் வகையினரின் பெயர்கள் எந்த மலரிலும் ஏறவில்லை. அந்தப் பெண்களின் துஆக்களில் ஏறியிருக்கும்.

இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அடி மட்டும் நின்றபாடில்லை. நம் சமுதாயத்தில் அது இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. குடும்ப மானம், மாப்பிள்ளை வீட்டு மரியாதை, ஜமாஅத்தில் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் இவையெல்லாம் சேர்ந்து அடிபட்டவரின் வாயைக் கட்டுகின்றன. சபுர் செய் என்று சொல்வது எளிது. பொறுமை என்பது துன்பத்தில் அல்லாஹ்வை நம்பியிருப்பது. அடிப்பவருக்கு இடம் கொடுப்பது அதில் சேராது. நீதிக்காகச் சாட்சி சொல்வதில் பெற்றோர், உறவினர் என்றும் பார்க்கக்கூடாது என்பது குர்ஆனின் கட்டளை. அப்துல்லாஹ் தம் இனம், தம் மார்க்கத்தவர், அரசர் என்று பார்த்து வாய் மூடியிருந்தால் அவர் பெயர் இன்று யாருக்கும் நினைவிருக்காது.

அவர் காலத்தில் அடிபட்டவர் போய் நிற்க ஒரு ரெசிடெண்டின் வாசல்தான் இருந்தது. நமக்கு இன்று வழிகள் உண்டு. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் முஸ்லிம், முஸ்லிமல்லாதார் எல்லோருக்கும் பொருந்தும். காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். பாதுகாப்பு ஆணை பெறலாம். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சமூகநல அதிகாரியே ஏழு நாள்களுக்கான அவசரப் பாதுகாப்பு ஆணையைக் கொடுக்க முடியும். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். அந்த எண்ணை அடிபட்டவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அழைக்கலாம், கடைக்காரர் அழைக்கலாம், ஆலிம்சாவும் அழைக்கலாம்.

நம் சங்கம் இந்த ஐம்பது ஆண்டுகளில் மையித்து எடுத்தது, நிக்காஹ் நடத்தியது, பிள்ளைகளுக்குப் படிக்க உதவியது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில், அடிபட்டு வருகிற ஒரு பெண்ணோ பிள்ளையோ முதலில் நம் சங்கத்தின் கதவைத் தட்டலாம் என்ற நம்பிக்கையும் உண்டாக வேண்டும். தட்டினால் திறக்க ஆள் இருக்க வேண்டும். கூட வந்து காவல் நிலையத்தில் உட்கார ஒருவர் வேண்டும். தேவைப்பட்டால் தம் பெயரைச் சொல்லி, நான் பார்த்தேன் என்று கையெழுத்துப் போடவும் ஒருவர் வேண்டும்.

கம்போங் பாலியில் பிறந்த அந்த நோஞ்சான் பிள்ளை செய்தது அவ்வளவுதான். மர்ஹூம் முன்ஷி அப்துல்லாஹ்வின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, நற்செயல்களை ஏற்றுக்கொள்வானாக. அநீதியைக் கண்டால் வாய் திறக்கும் துணிவை நம் வீடுகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.